கொடாததைக் கொள்ளலாமோ?

பிறர் வீட்டுப் பொருளைத் தொடாதே என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கிவிடும். அப்பொருள் கைபேசித் திரையில் ஓடும் படமாக இருப்பின் பட்டம் பெற்ற பிள்ளைக்கும் விளங்குவதில்லை. இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதாகிய கள்ளாமை, இக்காலத்தில் இவ்விடத்திலேதான் இடறுகின்றது.

வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டுத் தொழிற்சாலை வேலைக்காக வடசென்னைக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், இன்று மணலி புதுநகரில் அமர்ந்து ஜப்பானிய அனிமே படங்களைப் பார்க்கின்றனர். மாங்கா என்னும் படக்கதைகளைப் படிக்கின்றனர். அவற்றின் சுவையை நாம் குறை கூறவில்லை. நட்பும் தியாகமும் பேசும் கதைகள் அவற்றிலும் உண்டு. எங்கிருந்து பெறுகின்றனர் என்பதே வினா. டெலிகிராம் குழுக்களிலிருந்தும் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் திருட்டுத் தளங்களிலிருந்தும் என்பதே பெரும்பாலான விடை. இது முறையா என்று கேட்டால், "பாட்டி, நான் பார்ப்பதால் யாருக்கு என்ன குறைந்தது? அவர்கள் படம் அவர்களிடமேதானே இருக்கிறது?" என்கின்றனர். வகுப்பறையில் இத்தகைய வினா எழுந்தால் அதட்டி அமர்த்தக்கூடாது என்பதே ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது. ஆதலின் விடை தேடுவோம்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் களவுக்குத் தந்த இலக்கணம் மிகச் சுருங்கியது: கொடுக்கப்படாததைக் கொள்ளுதல். உடையவனுக்குக் குறைந்ததா என்று அவ்விலக்கணம் கேட்கவில்லை. கொடுத்தானா என்றே கேட்கின்றது. பொருள் ஒன்றாகவே இருந்த காலத்தில் இவ்விரு கேள்விகளுக்கும் வேறுபாடு தோன்றவில்லை. ஒன்றை ஆயிரமாக்கும் கருவி வந்தபின் வேறுபாடு வெளிப்பட்டுவிட்டது.

இதற்கு உரை வகுத்த பூச்சியபாதர் ஒரு தடையை எழுப்பி விடை கூறுகின்றார். அப்படியாயின், ஊருக்குள் செல்லும் துறவி எவரும் கொடாத தெருவிலும் வாயிலிலும் நுழைகின்றாரே, அது களவு ஆகாதா என்பது தடை. ஆகாது, அவை எல்லார்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டவை, அடைத்த கதவுக்குள் அவர் நுழைவதில்லை என்பது விடை. பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல இயலாது.

திறந்த வாயில்கள் பல உள்ளன. பாரதியாரின் படைப்புகளை 1949இல் அரசு பெற்றுப் பின்னர் பொதுவுடைமையாக்கியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எவரும் இலவசமாகப் பெற வைத்துள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல் பொதுவாகிவிடும். கல்விக்கும் ஒரு வாயில் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தந்த கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்காக நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கின்றது என்று 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர்களாகிய நமக்கு அது நிறைவளித்த தீர்ப்பு.

இங்கே நம் மரபே ஒரு தடையை எழுப்பும். நகலெடுத்தலைப் புண்ணியமாகப் போற்றியவர்கள் நாம் அல்லவா? பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துத் தானம் செய்ததை இன்றும் பெருமையோடு பேசுகின்றோம். சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் விலை பேசாமல் பொருள் விளக்கித் துணைநின்றனர். சாத்திர தானம் செய்த குலத்தினர் படத்தைப் பகிர்ந்தால் மட்டும் பாவமா?

தானம் என்பது தன்னுடையதைக் கொடுப்பது. அத்திமப்பை தம் செல்வத்தைச் செலவிட்டார். பொன்னரின் உணவைப் பறிக்கவில்லை. அக்காலப் புலவரைப் புரவலர் காத்தனர். ஒவ்வொரு படியின் விலையிலும் அவர் பிழைக்கவில்லை. இன்று படம் வரைவோரின் பிழைப்பு, பார்ப்போர் தரும் சிறு கட்டணங்களின் தொகுப்பிலேயே உள்ளது. அத்தொகை வரைவோர் கைக்கு முழுமையாகச் சேர்வதில்லை என்பதும் உண்மை. அனிமே வரைவோரின் குறைந்த ஊதியம் ஜப்பானிலேயே நெடுங்காலமாகப் பேசப்படும் குறை. முதலாளி குறைத்துக் கொடுக்கின்றான் என்பதற்காக நாமும் கொடாமல் விடுவது அத்தொழிலாளிக்குச் செய்யும் உதவியாகாது.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. பர்மா பஜாரில் திருட்டு வி.சி.டி. மலிந்திருந்த காலத்தில், தமிழக அரசு 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோத் திருடர்களையும் அதனுள் சேர்த்தது. திருட்டுத் தளம் பெயர் மாறி வந்தாலும் தொடர்ந்து தடுக்கும் வகையில் தில்லி உயர்நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், திருட்டுப் பதிவுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை தண்டமும் விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் நியமிக்கப்பட்ட அலுவலர்களிடம் புகார் தந்தால் 48 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் 'மாங்காமுரா' என்னும் தளம் 2018இல் மூடப்பட்டது. அதனை நடத்தியவருக்கு 2021இல் 3 ஆண்டுச் சிறை. 2024இல் மூன்று பதிப்பகங்களுக்குச் சுமார் 170 கோடி யென் இழப்பீடு தருமாறும் தீர்ப்பாயிற்று. அறிந்தே திருட்டு மாங்காவைப் பதிவிறக்குவதும் அந்நாட்டில் 2021 முதல் சட்டவிரோதம்.

இவற்றுள் குண்டர் சட்டத்தை மட்டும் நம்மால் மனம் ஒப்பி ஏற்க இயலவில்லை. வழக்கு விசாரணை இன்றியே ஓராண்டு வரை அடைத்து வைக்க அது இடம் தருகின்றது. நடைபாதையில் வட்டு விற்றவனும் வன்முறையாளனும் ஒரே சட்டத்தில் அடைபடுவது கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டவர்க்கு உறுத்த வேண்டும். அதனினும் உறுத்துவது, விற்றவன் சிறைக்குச் சென்றான். வாங்கிச் சென்று குடும்பத்தோடு பார்த்தவர்களை எவரும் கேட்கவில்லை.

நம் நூல்கள் கேட்கின்றன. கள்ளாமையின் அதிசாரங்கள் ஐந்தனுள் களவுக்குத் தூண்டுதல் ஒன்று. களவுப்பொருளை ஏற்றல் ஒன்று. அரசு முறைக்கு மாறாக நடத்தல் மற்றொன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினை சேர்ப்பனவே. திருட்டுத் தளம் விளம்பரத்தால் பிழைப்பது. நாம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் கல்லாவில் ஒரு காசு விழுகின்றது. "நான் காசு கொடுக்கவில்லையே" என்னும் பிள்ளை, உரியவனுக்குக் கொடாமல் கள்வனுக்குக் கொடுத்திருக்கின்றது.

தமிழில் மாங்கா நூல் கிடைப்பது அரிது. ஆங்கிலப் பதிப்பின் விலை தொழிலாளர் வீட்டிற்கு மிகை. இதை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கதவைத் திறந்தால் பிள்ளைகள் காசு கொடுத்தே நுழைவர் என்பதற்கும் சான்று உண்டு. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' தமிழ்க் குரலுடன் திரையரங்குகளுக்கு வந்தபோது நம் தெருப் பிள்ளைகளும் சீட்டு வாங்கியே சென்றனர். கிடைக்காதவற்றுக்கு என்ன செய்வது? காத்திருக்கலாம், பார்க்காமலும் விடலாம். பரிக்கிரக பரிமாணம் நகைக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியதன்று. எத்தனை தொடர் வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லுமுன் பெரியவர்கள் தம் கைபேசியையும் ஒருமுறை பார்ப்பது நலம். சமணச் சான்றோர் அண்மைக்காலத்தில் எழுதி, கைப்பொருள் இட்டு அச்சிட்ட நூல்கள் முழுமையாகப் படமெடுக்கப்பட்டு நம் வாட்ஸ்அப் குழுக்களில் உலவுகின்றன. சாத்திர தானம் என்று வாழ்த்தும் சேர்ந்து வருகின்றது. விற்காத படிகள் ஆசிரியர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஆசிரியருக்கோ அவர் மக்களுக்கோ ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்தே இசைவர். இசைந்தபின் அனுப்புவதற்குச் சாத்திர தானம் என்று பெயர் சூட்டத் தடையில்லை.