துண்டும் விண்ணப்பமும்

யட்டியாந்தோட்டையில் தோட்டத்து இளைஞர்க்குத் தொழிற் சந்தை கூட்ட முனைவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும்: அங்கு தெரிவு செய்பவர் யார்?

நம் முன்னோர் தோட்டம் மாறியபோது கையிற் கொண்டுசென்றது ‘துண்டு’. அதில் எழுதியிருந்தது அவர்தம் கடன். அதைத் தீர்த்த புதிய தோட்டத்துக்கே அவர்கள் கடனாளிகளாயினர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் விண்ணப்பத் தாளுடன் வரிசையில் நிற்கின்றனர். வறுமை துரத்த, சம்பளமும் வேலைநேரமும் அறியாது ஒப்பமிடுவதைச் சுதந்திரமான தெரிவு என்று நாம் எங்ஙனம் கூறுவது?

ஆகவே, தொழிலாளியிடம் தாள் கேட்குமுன் முதலாளியிடம் கேட்போம். சம்பளம், வேலைநேரம், தங்குமிடம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றை அவர் எழுதித் தரட்டும். தர மறுப்பவர்க்கு நம் சந்தையில் மேசை இல்லை.