மறைப்பது அறமா?

பாடம் சொன்னதற்காக ஓர் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டிலே நின்றார்! 1925-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு டென்னசி மாநிலத்தில், டேட்டன் என்னும் சிற்றூரில் நடந்தது அவ்வழக்கு. பெயர், ஜான் ஸ்கோப்ஸ், வயது, 24. களவாடினாரா? கொலை செய்தாரா? இல்லை! கீழ்நிலை உயிரினத்திலிருந்து மனிதன் தோன்றினான் என்று கற்பித்தாராம்! தண்டம், 100 டாலர். 1927-இல் மேல்மன்றம் தீர்ப்பை நீக்கிற்று; சட்டமோ 1967 வரை நீங்கவில்லை.

மதவாதியர் அனைவருமே பகைத்தனரா? அல்ல. பரிணாமம், கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்பினார். துருக்கியோ, 2017-இல் அதனைப் பள்ளிப் பாடத்தினின்று நீக்க முனைந்தது. நம் நாட்டில், 2023-இல் மத்திய 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து அப்பகுதி அகற்றப்பட்டது. 1,800-க்கு மேற்பட்டோர் கண்டித்து ஒப்பமிட்டனர்.

"குரங்கா நம் பாட்டன்?" என்று எள்ளி நகையாடுவோர் உளர். டார்வின் கூறியது அதுவன்று. குரங்குக்கும் நமக்கும் மூதாதை ஒன்று என்றார். உறவை ஒப்பினால் உயர்வு ஓடிவிடுமா? பிறப்பிலே பெருமை தேடுவோனுக்கே அது பேரிடி. பண்பிலே தேடுவோனுக்கு இழப்பேது?

"ஐயா, முதல் மனிதன் எப்படி வந்தான்?" என்று மாணவன் கேட்கிறான். விடையறிந்தும் வாய்மூடி நிற்பது அடக்கமா, தோழர்களே? அன்று, அது வஞ்சகம்! சான்றுகளை அவன்முன் வைப்பது நம் கடமை. ஏற்பதும் மறுப்பதும் அவன் உரிமை. மறைக்கும் உரிமையை நமக்கு அளித்தவர் யார்?