சீலோவாம் கோபுரமும் ஏழாயிரம்பண்ணையும்

1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, மரத்துக்கு வளர்ச்சியும் மிருகத்துக்கு உணர்ச்சியும் மட்டுமே உண்டென்றும், மனிதனுக்கோ அவற்றோடு புத்தியும் சுயாதீனமான சித்தமும் கூடிய அரூபியான ஆத்துமா உண்டென்றும், அதற்கு இந்த ஒரு ஜென்மமன்றி வேறில்லை என்றும் தமிழ் உரைநடையிலேயே வாதித்தார். 'ஆத்தும நிர்ணயம்', 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் அவருடைய நூல்களின் பெயர்களே விஷயத்தைச் சொல்லிவிடும்.

இது பண்டிதர்களின் விவகாரம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சாத்தூரை அடுத்த ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில், வானம் பார்த்த கரிசல் கைவிட்டதனால் பட்டாசு ஆலைக்கு மருந்து செலுத்தப் போன மக்களை நினைக்கும்போதுதான் அதன் கனம் எனக்கு விளங்கிற்று. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அவ்வட்டாரத்து அச்சன்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துக்க வீடுகளில், போன ஜென்மத்துப் பாவம் என்று ஒருவர் சொல்ல, கர்த்தருடைய சித்தம் என்று இன்னொருவர் சொல்ல, இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: காரணத்தைத் தேட வேண்டிய கண்ணை வானத்துக்குத் திருப்பிவிடுகின்றன.

கர்மக் கொள்கையை ஆழ்ந்து கற்ற பெரியோர் அதனைத் தம் ஒழுக்கத்துக்கு நெறியாகக் கொண்டனரேயன்றிப் பிறர் துயரத்துக்குத் தீர்ப்பாகக் கொள்ளவில்லை என்பதை நான் மறவேன். மேலும், உயர்வு தாழ்வுக்கு முற்பிறவி காரணமன்று என மறுத்த நொபிலி, சரீரத்தில் அவயவங்கள் வேறுபடுவது போல உலக ஒழுங்குக்கு அந்த வேறுபாடு வேண்டும் என்று அமைதி கூறியதை என்னால் ஏற்க இயலவில்லை. மருந்து அறையில் கருகிய கையிடம் அந்த ஒழுங்கைப் பற்றிப் பேச யாருக்குத் துணிவு உண்டு?

நொபிலி தேடிய விடை லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று வினவி, அல்ல என்று தாமே மறுத்த இயேசு, செத்தவர்களை விட்டுக் கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

மனிதன் தேவ சாயலாகச் சிருஷ்டிக்கப்பட்டவன், ஆயினும் ஜென்ம பாவத்தால் கெட்டவன் என்னும் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டிருப்பதே கிறிஸ்தவ மானிட தத்துவத்தின் பலம். முன்னது, தினக்கூலிக்குத் திரி வைக்கும் பெண்ணின் உயிருக்கு விலை குறிக்க முடியாது என்கிறது. பின்னது, உரிமம் பெற்றவரும், உள்குத்தகைக்கு அறை எடுத்தவரும், தீபாவளிக்கு முன் சரக்கை விரைந்து முடிக்கச் சொல்பவரும், ஏன், சோதிக்க வரும் அதிகாரியும், கண்காணிப்பின்றிப் பிறர் உயிரை ஒப்படைக்கத் தக்கவர் அல்லர் என்கிறது. ஜென்ம பாவம் ஏழையின் தலைமேல் மட்டும் சுமத்துவதற்கு ஏற்பட்ட போதனை அன்று.

ஆகையால் எங்கள் போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இனியொரு துக்க வீட்டில் ஜெபித்து முடித்தபின், கர்த்தருடைய சித்தம் என்று சொல்லாதிருங்கள், அந்த அறையில் எத்தனை பேருக்கு அனுமதி இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள்.