சாது

முயலை மல்லாத்தி மடியில் கிடத்தினால் அசையாமல் கிடக்கும். 'என்ன சாது!' என்று பூரித்துப் போகிறோம். உண்மையில் அது பயத்தில் உடல் மரத்துப்போன நிலை. வேட்டை மிருகத்தின் பிடியில் கிடக்கிற கிடை. தொங்கு காது அழகென்று 'லாப்' இனத்தைப் பெருக்கியவர்கள் நாம். அந்தக் காதில் எளிதில் சீழ் கட்டி வலிப்பதோ முயலுக்கு.

சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த பிராணிப் பாதுகாப்பு விதி, கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கிறது. கூட்டமாக வாழும் பிராணிக்கு மனிதனின் கொஞ்சல் துணையாகாது. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அன்பு செலுத்துவது சுலபம். அன்புக்கு ஆளான ஜீவனின் பாஷையைக் கற்பதுதான் சிரமம். கற்காத அன்பை நான் ஆசை என்றே சொல்வேன்.

முயலோடு இது நிற்கிறதா? வீட்டில் வாய் திறவாதவர்களையும் நாம் 'சாது' என்றுதானே சொல்கிறோம்!