தொழில் வழிகாட்டியிடம் நம்பிக்கை

சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவர் என்னைச் சந்திக்க வந்தார். மசாலாப் பொடிகள் தயாரித்து விற்பவர். அதே தொழிலில் நீண்டகால அனுபவம் பெற்று ஓய்ந்திருந்த ஒரு பெரியவர் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். பெரியவரின் யோசனைப்படி புதிய அரவை இயந்திரம் வாங்கியதில் பெரும் நஷ்டம் என்பது இளைஞரின் மனக்குறை. 'அவரை முழுமையாக நம்பினேன், சுவாமி! அதற்குக் கிடைத்த பலன் இதுதானா?' என்று வருந்தினார்.

பேச்சினூடே ஓர் உண்மை வெளிப்பட்டது. வட்டிக்கு வாங்கியிருந்த ஒரு கடனைப் பற்றி அவர் பெரியவரிடம் சொல்லவே இல்லை. 'சொன்னால் என்னைத் தாழ்வாக நினைப்பாரே என்று கூச்சமாக இருந்தது' என்றார்.

அப்படியானால், இங்கே நம்பிக்கையை முறித்தவர் யார்?

நம்பிக்கை என்பது பிறர்மீது நாம் வைக்கும் ஒன்று என்றே பொதுவாக எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. நோயின் அறிகுறியை மறைத்துக்கொண்டு 'மருத்துவரை நம்புகிறேன்' என்று ஒருவன் சொன்னால், அவன் நம்புவது மருத்துவரை அன்று, அவரது புகழை. வழிகாட்டியின் திறமையில் நம்பிக்கை கொள்வது எளிது. நமது குறைகளை அறிந்த பின்னரும் அவர் நம் நன்மையையே நாடுவார் என்று நம்புவதுதான் கடினம். முன்னதற்கு மதிப்பு போதும். பின்னதற்கு அகங்காரம் சற்றேனும் கரைய வேண்டும்.

ஒரே அறையில் இரு மேஜைகள்

மறைக்காமல் இருக்க வேண்டிய கடமை மாணவனுக்கு மட்டும் உரியதன்று. 1925 டிசம்பரில் ஜே.ஆர்.டி. டாடா, 21 வயது இளைஞராக, டாடா நிறுவனத்தின் பம்பாய் அலுவலகத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அவருக்குத் தொழில் கற்பிக்கும் பொறுப்பைத் தந்தையார் ஆர்.டி. டாடா, ஜான் பீட்டர்சனிடம் ஒப்படைத்தார். பீட்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர், ஐ.சி.எஸ். பணியில் இருந்தவர், அப்போது டாடா எஃகு நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கவனித்து வந்தார். அவர் அறிவுரைகளோடு தொடங்கவில்லை. தமது அறையிலேயே இளைஞருக்கு ஒரு மேஜையைப் போடச் செய்தார். தம்மிடம் வரும் தாள்கள் அந்த மேஜையைக் கடந்தே வருமாறு ஏற்பாடு செய்தார்.

இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். முடிவுகளை மட்டும் கேட்பவன் முடிவுகளையே கற்கிறான். தாள்களைப் பார்ப்பவனோ, ஒரு முடிவுக்குப் பின்னால் உள்ள தயக்கம், விசாரணை, பொறுமை எல்லாவற்றையும் காண்கிறான். சொல்லும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்பதும் அவனுக்கு நாள்தோறும் புலப்படும். அவ்வாறு வளரும் நம்பிக்கைக்கு உறுதிமொழிகள் தேவையில்லை. மறு ஆண்டே ஜே.ஆர்.டி. தந்தையை இழந்தார். 1938-இல் டாடா சன்ஸின் தலைமையை ஏற்றார்.

நம்புவதும் ஆராய்வதும்

இங்கு ஓர் ஐயம் எழலாம்: எல்லாரிடமும் கணக்கைத் திறந்து காட்டலாமா? கூடாது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் உள்ளது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகிப்பதும் துன்பம் என்பது அதன் முடிவு. ஆகவே ஆராய்ச்சிக்கு உரிய காலம் தொடக்கமே. அவர் பரிந்துரைக்கும் பொருளில் அவருக்குத் தரகோ பங்கோ உண்டா? உண்டெனில் அதைத் தாமாகவே சொல்கிறாரா? தமது தோல்விகளைப் பற்றிப் பேசுகிறாரா? பிறரது ரகசியங்களை நம்மிடம் சொல்பவர், நமது ரகசியத்தையும் பிறரிடம் சொல்வார். இவற்றைச் சிறிய விஷயங்களில் சோதித்து அறிந்த பிறகே பெரிய விஷயங்களைப் பகிர வேண்டும்.

நம்பிய பிறகும் விவேகத்தை அடகு வைக்கத் தேவையில்லை. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், தம் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாமிடம் சம்பளமின்றி வேலை செய்ய முன்வந்தும் முதலில் இடம் கிடைக்கவில்லை. அவர் மனம் கசக்கவில்லை. தொடர்பைக் காத்து, 1954-இல் வேலை பெற்றார். அவ்வாண்டு பிறந்த மகனுக்கு 'கிரஹாம்' என்பதையும் சேர்த்துப் பெயரிட்டார். ஆயினும் பிற்காலத்தில், மிக மலிவான பங்குகளைத் தேடும் ஆசிரியரின் முறையிலிருந்து விலகி, சிறந்த நிறுவனங்களை நெடுங்காலம் வைத்திருக்கும் வழியில் சென்றார். நன்றி குறையவில்லை, கண்மூடிய பின்பற்றலும் இல்லை. ஆலோசனை வழிகாட்டியுடையது, முடிவும் அதன் பொறுப்பும் நம்முடையவை. இதை மறப்பவன், லாபம் வந்தால் தன் திறமை என்பான். நஷ்டம் வந்தால் குருவின் குற்றம் என்பான்.

அந்த இளைஞரிடம், பெரியவரை மீண்டும் சந்தித்துக் கடனைப் பற்றிச் சொல்லுமாறு கூறினேன். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாவற்றையும் கேட்ட பெரியவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தாராம். பிறகு, 'கணக்கைப் பார்க்காமல் யோசனை சொன்னது என் தவறு, தம்பி. நாளை நோட்டுகளை எடுத்து வா' என்றாராம்.

கடன் அன்று தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இருவருக்கும் இடையே நம்பிக்கை அன்றுதான் தொடங்கியது. வழிகாட்டி வேண்டும் என்று விரும்பும் ஒவ்வோர் இளைஞரும், தகுதியான ஒருவரைத் தேடுவதோடு, 'அவரிடம் நான் எதை மறைக்க நினைக்கிறேன்?' என்று தம்மையும் கேட்டுக்கொள்ளட்டும்.