வடம் தொட்டவனும் துடுப்பு விட்டவளும்

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்குப் படகுப் போட்டியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மழை பொய்த்த வருஷங்களில் குளத்துக்குள் ஆடு மேயும். பலர் கூடிச் செய்யும் காரியம் என்றால் எனக்குத் தெரிந்தது தேர் இழுப்பதுதான்.

ஆடித் தபசுத் திருவிழாவில் கோமதியம்மன் தேர் வடத்தைச் சிறு வயதில் நானும் பிடித்திருக்கிறேன். இழுத்தேன் என்றால் பொய். முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் இழுத்தார்கள். நான் பல்லை மட்டும் கடித்துக்கொண்டிருந்தேன். தேர் நிலைக்கு வந்ததும் பெரியப்பா என் முதுகில் தட்டி, “பரவாயில்லையேலே, நீயும் ஆளாயிட்டியே!” என்றார்.

அந்தப் பாராட்டு பல வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் அடையாற்றங்கரையில் என்னை உறுத்தியது. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் அந்த ஆற்றில் ஓடுகின்றன. நால்வர், போகும் திசைக்கு முதுகைக் காட்டி, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். உட்காரும் பலகை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் உருள்கிறது. கையைவிடக் காலுக்குத்தான் அதிக வேலை. நான்கு பேரின் துடுப்பும் ஒரே கணத்தில் நீரில் இறங்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் படகே காட்டிக் கொடுத்துவிடும். சும்மா பிடித்துக்கொண்டிருக்க அங்கே வடம் இல்லை.

2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் எண்மர் படகின் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியப் படகில் இருந்த சாலி ராபின்ஸ், எல்லைக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது துடுப்பை விட்டுப் பின்னால் சாய்ந்துவிட்டார். படகு கடைசியாக வந்தது. உடல் ஓய்ந்துவிட்டது என்றார் அவர். தோழிகள் கொதித்தார்கள், பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

அவர் செய்தது குற்றமா? முதலில் என் மனம் தோழிகள் பக்கமே நின்றது. அவர்களுடைய இத்தனை வருஷ உழைப்பையும் சேர்த்து நழுவ விட ஒருத்திக்கு உரிமை ஏது? ஆனால் சக்தி இருந்தும் விடுவது வேறு. சக்தி தீர்ந்து விடுவது வேறு. கரையில் நிற்பவன் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவான்?

நம் தத்து போகனலைப் பாருங்கள். நாசிக் ஜில்லாவின் வறண்ட கிராமத்துக்காரர். தகப்பனாரோடு கிணறு வெட்டியவர். பட்டாளத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டவர். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், உடம்பு சரியில்லாத நிலையில் தனியாள் படகோட்டிக் கடைசியாக வந்தார். மறுநாளே சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நால்வர் படகில் தங்கம் வென்றார். வீரம் என்று கொண்டாடினோம். நடுவழியில் கை ஓய்ந்திருந்தால்? “முடியாதவன் ஏன் ஏறினான்?” என்று நாமே கேட்டிருப்போம். மனிதர் அவரேதான், துணிவும் அதேதான். பெயர் மட்டும் மாறியிருக்கும்.

சாலி ராபின்ஸுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. உலகமே பார்க்க அவர் துடுப்பை விட்டார். நான் ஒருவருக்கும் தெரியாமல் விட்டுவிட்டு, தண்ணீர்ப் பந்தலில் இரண்டு தம்ளர் பானகம் வாங்கிக் குடித்தேன். பெரியப்பாவிடம் கடைசிவரை இதைச் சொல்லவில்லை.