மோவாயும் வெட்கமும்

மணப்பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கக் கற்றுக்கொள்வது முதலில் ஓர் உடற்கூற்றுப் பாடமாகத்தான் எனக்கு இருந்தது. எடை பின்காலில். உடம்பு காமிராவுக்கு நேராக இல்லாமல் சற்றுத் திரும்பி. மோவாய் கொஞ்சம் முன்னால் வந்து, பிறகு கீழே. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிய ஒரு சந்து. கை, விளிம்பு தெரியும்படி. மருதாணியைக் காட்டவேண்டுமென்றால் மட்டும் விலக்கு. 120 ரோலில் சதுரப் படம் 12தான் என்றிருந்த நாட்களில் இதற்கெல்லாம் சிக்கனம் என்றொரு நியாயம் இருந்தது. இன்று படங்களுக்குக் கணக்கில்லை. பாடம் அப்படியே இருக்கிறது.

இவை உடம்புக்குச் சொல்லும் வார்த்தைகள். 'கொஞ்சம் வெட்கப்படுங்க' என்பது வேறு ரகம். இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாத ஓர் உணர்வை, அவளுக்கு முன்பின் தெரியாத நான், இனிமேல் பார்க்கப்போகும் யாரோ சிலருக்காகக் கேட்கிறேன். எந்த உரிமையில்? 'இயல்பா இருங்க' இன்னும் மோசம். 19-ஆம் நூற்றாண்டு ஸ்டுடியோக்களில், நீண்ட எக்ஸ்போஷருக்குத் தலை அசையாமலிருக்க, பின்னாலிருந்து ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது. அது பிடித்தது தலையை மட்டும். யாருமே பார்க்காதது போலச் சிரிக்கச் சொல்லும் இன்றைய 'கேண்டிட்', இரும்பை உள்ளே கொண்டுபோய் வைக்கிறது.

நம் ஸ்டுடியோக்களின் கண்ணாடிப் படத்தை நான் மதிப்பது இதனால்தான். பூ தைத்த ஜடை தெரியவேண்டுமென்று பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுப்பார்களே, அது. நம் கவிஞர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஜடையைக் காட்டத்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற பிரக்ஞை அவளுக்கு இருக்கிறது, பார்ப்பவனுக்கும் இருக்கிறது. முகத்தில் என்ன இருக்கவேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. எடுப்பவன் கவலையெல்லாம், தன் பிம்பம் கண்ணாடியில் விழாத கோணத்தைத் தேடி நகர்வதுதான்.

தொட்டுத் திருப்பாமல், என் மோவாயை நானே இறக்கிக் காட்டுவது என் வழக்கம். ஒரு கணம் மீசை வைத்த மணப்பெண்ணாக நிற்கிறேன். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

ஆனால் உடம்பு, உணர்வு என்ற இந்தப் பாகுபாடு முழுசாக நிற்கவில்லை. 'தலையைக் குனியுங்க' என்பது எதற்குச் சொன்னது? குனிந்த கழுத்தில் அடக்கம், பணிவு, நல்ல இடத்துப் பெண் எல்லாம் முன்பே எழுதியிருக்கிறது. இமைமேல் வெளிச்சம் நன்றாக விழும் என்பது நிஜமான காரணம்தான். அதை அழகென்று எனக்குக் கற்பித்தது யார் என்று போனால் ஒளியியல் போதவில்லை. ஆகவே குனிந்து ஒன்று, நேராக லென்ஸைப் பார்த்து ஒன்று என்று இரண்டும் எடுக்கிறேன். ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது பெரும்பாலும் அவள் அல்ல, வீட்டுப் பெரியவர்கள். இரண்டாவது படம் பல சமயம் கவரிலேயே தங்கிவிடுகிறது.